ஒரு வோல்கா, ஒரு போன், 20 நிமிட மேடை

எலெக்ட்ரானிக் இசையை மேடையில் நேரடியாக வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மெஷின் வாங்கலாம்?" என்றுதான். ஒன்றே ஒன்று வாங்குங்கள். நல்ல நிலையில் பழையது கிடைத்தால் பழையதே வாங்குங்கள். அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. உங்கள் நேரத்தையும் காசையும் உண்மையில் தின்னும் இடம் வேறு. மேடையில் சத்தம் திடீரென்று செத்துப்போனால், அதன் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரு கேபிள், ஒரு தப்பான அடாப்டர், அல்லது மைக் செட்டில் இடம் மாறிச் செருகிய ஒரு பின். அதனால் இந்தக் குறிப்பு இணைப்புகளைப் பற்றித்தான் நிறையப் பேசும்.

எடுத்துக்கொண்ட செட் இது: கோலா சாம்ப்ளர் செயலி (பதிவு செய்த ஒலிகளை விரலால் தட்டி வாசிக்க உதவுவது) போட்ட ஒரு போன், ஒரு கோர்க் வோல்கா பாஸ் (ஒரு சின்ன சிந்தசைசர், மின்சாரத்தால் ஒலி உருவாக்கும் கருவி), ஒரு சின்ன மிக்சர் (பல ஒலிகளைக் கலந்து அனுப்பும் பெட்டி). போனில் தாளமும் பதிவு செய்த ஒலிகளும், வோல்காவில் பேஸ், அதாவது தாழ்ந்த சுருதியில் ஓடும் வரி. வேகம் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி), நேரம் 20 நிமிடம். மொத்தமும் ஒரு பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கிவிடும்.

காசு எங்கே போக வேண்டும்

கையில் 20,000 ரூபாய் இருந்தால் மெஷினுக்கு 14,000-க்கு மேல் ஒதுக்காதீர்கள். மீதி மிக்சருக்கும் கேபிளுக்கும் பேட்டரிக்கும் வேண்டும். புது வோல்கா அந்த வரம்புக்குள் வரவில்லை என்றால் பழையதைத் தேடுங்கள். வோல்கா வரிசை 2013-இலிருந்து சந்தையில் இருக்கிறது. கைமாறி வருவது ஏராளம். வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்பி, ஒலியில் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். தொடு விசைகள் 16-ம் வேலை செய்கின்றனவா? ஹெட்ஃபோன் ஓட்டையில் பின்னைச் செருகி லேசாக ஆட்டினால் ஒலி விட்டு விட்டு வருகிறதா? கடைசியாக பேட்டரி மூடியைத் திறந்து, கம்பிச் சுருளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

அவ்வளவு காசும் இல்லையா? போன் மட்டும் போதும். கோலா விலை குறைந்த செயலி, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கிறது, 64 ஒலிகள் வரை வைத்துக்கொள்ளலாம். போனை மட்டும் வைத்து முதல் 10 நிமிடத்தை வாசித்துவிட்டு, பிறகு பேஸுக்கு மெஷின் சேர்ப்பது நல்ல வழி.

மின்சாரம்: வோல்கா 6 ஏஏ பேட்டரியில் ஓடும், ஆல்கலைன் போட்டால் சுமார் 10 மணி நேரம். மேடைக்குப் பேட்டரிதான் சரி. இரைச்சல் வராது, பிளக் பாயிண்ட் தேடி அலைய வேண்டாம். சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரி போடுவதானால் வோல்காவின் பொது அமைப்புகளில் பேட்டரி வகையை மாற்றிவிடுங்கள். ஆல்கலைன் 1.5 வோல்ட், நிக்கல் 1.2 வோல்ட், மாற்றாவிட்டால் மீதிச் சார்ஜை மெஷின் தப்பாகக் காட்டும்.

அடாப்டர் போட்டே ஆக வேண்டுமென்றால் 9 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். இங்கேதான் மெஷின்கள் சாகின்றன. கிட்டார் பெடல்களின் அடாப்டரும் 9 வோல்ட்தான், அதே மாதிரி பின்தான், ஆனால் பெரும்பாலும் நடுவில் நெகட்டிவ். அடாப்டரின் முதுகில் ஒரு சின்னப் படம் அச்சிட்டிருப்பார்கள்: நடுவில் ஒரு புள்ளி, சுற்றி ஒரு வளைவு. புள்ளியிலிருந்து கிளம்பும் கோடு கூட்டல் குறிக்குப் போனால் செருகலாம். கழித்தல் குறிக்குப் போனால் தொடாதீர்கள்.

பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள்

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் ஆடியோ கடையிலோ 3.5 மிமீ பின்னை இ.பி. பின் என்பார்கள், கிட்டார் பின் அளவுள்ள 6.35 மிமீ பின்னை பி-38 என்பார்கள், மைக் கேபிளின் மூன்று முள் பின்னை கேனன் என்பார்கள். இந்தப் பெயர்களில் கேட்டால்தான் சரியான பொருள் சீக்கிரம் கைக்கு வரும்.

இ.பி. பின்னின் உலோகத் தண்டில் கருப்பு வளையங்கள் இருக்கும். எண்ணுங்கள். ஒன்று என்றால் மோனோ, இரண்டு என்றால் ஸ்டீரியோ, மூன்று என்றால் மைக்கும் சேர்ந்த போன் பின். நமக்கு வேண்டியது இரண்டு கேபிள்:

முதலாவது, ஒரு ஸ்டீரியோ இ.பி.யிலிருந்து இடது தனியாகவும் வலது தனியாகவும் பிரியும் கேபிள். போனிலிருந்து கிளம்பும் இதன் இடது முனையில் மோனோ இ.பி. (வோல்காவின் சிங்க் இன் ஓட்டைக்கு), வலது முனையில் பி-38 (மிக்சருக்கு) இருக்க வேண்டும். ரெடிமேடாகக் கிடைக்காவிட்டால் கடையிலேயே சால்டர் செய்து வாங்குங்கள். இடது, வலது என்று முனையில் பேனாவால் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வோல்காவின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து மிக்சருக்கு: ஸ்டீரியோ இ.பி.யிலிருந்து இரண்டு மோனோ பி-38. ஒன்றை மட்டும் மிக்சரில் செருகுங்கள், மற்றதன் நுனி எதிலும் படாதபடி டேப் சுற்றிவிடுங்கள்.

ஏன் இந்தச் சுற்று? ஒரே ஸ்டீரியோ பி-38 போட்டால் ஆகாதா? ஆகாது. மேடை மிக்சரின் மோனோ உள்ளீடு பெரும்பாலும் பேலன்ஸ்டு வகை. பின்னின் நுனியில் வருவதற்கும் வளையத்தில் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் அது எடுத்துக்கொள்ளும். ஸ்டீரியோ பின்னின் நுனியில் இடது ஒலி, வளையத்தில் வலது ஒலி. பேஸும் கிக்கும் (தாளத்தின் கனமான அடி) இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருப்பதால் கழித்துப் பார்த்தால் பூஜ்யம். ஸ்பீக்கரில் மெலிந்த, வெறுமையான ஒலி மட்டும் வரும், பேஸ் காணாமல் போயிருக்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கும். இதைத் தெரியாதவர் ஈக்யூவைத் திருகிக்கொண்டே அரை மணி நேரத்தைத் தொலைப்பார். மோனோ பின்னை நேராக ஹெட்ஃபோன் ஓட்டையில் செருகுவதும் தப்பு. வலது பக்கத்து ஆம்ப் எர்த்தோடு ஷார்ட் ஆகும்.

எந்தக் கேபிள் வாங்கினாலும் இரண்டாக வாங்குங்கள். உதிரிக் கேபிள் ஒவ்வொன்றிலும் ஒன்று பையில் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

இரண்டையும் ஒரே தாளத்தில் கட்டுவது

வோல்காவின் மேல்பக்கம் சிங்க் இன் என்று ஒரு ஓட்டை இருக்கிறது. அதில் ஒரு சின்ன மின் துடிப்பு வந்தால் சீக்வென்சர் (பேஸ் வரியை வரிசையாகத் தானே வாசிக்கும் பகுதி) இரண்டு ஸ்டெப் (கட்டம்) நகரும். அதாவது 16 ஸ்டெப் உள்ள ஒரு பாருக்கு (நான்கு அடி கொண்ட ஒரு சுற்று) 8 துடிப்பு. இன்னொரு வோல்காவிலிருந்து வரும் துடிப்பு 5 வோல்ட், 15 மில்லி விநாடி. நாம் அந்தத் துடிப்பைப் போனிலிருந்து ஒரு ஒலியாக அனுப்பப்போகிறோம். போனின் ஹெட்ஃபோன் வெளியீடு அத்தனை வோல்ட் தராது. ஆனாலும் ஒலி அளவை முழுசாக வைத்தால் பொதுவாக வோல்கா பிடித்துக்கொள்ளும். இந்தத் தந்திரத்துக்கு ஒரு விலை உண்டு: போனின் இடது பக்கம் முழுக்கத் துடிப்புக்கே போய்விடும், வலது பக்கம் மட்டும்தான் இசை. மேடையில் நாம் மோனோவாகத்தான் வாசிக்கப்போகிறோம், அதனால் நட்டமில்லை.

துடிப்பு ஒலியை ஒரு கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். டோன் உருவாக்கும் இடத்தில் ஸ்கொயர் அலை, 33 ஹெர்ட்ஸ், அளவு 1, நீளம் 0.015 விநாடி. அலையின் மேல் பாதி மட்டும் கிடைக்கும், அதுதான் வேண்டும். வேவ் கோப்பாகப் போனுக்கு அனுப்புங்கள்.

பிறகு கோலாவில் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. துடிப்பை கடைசி பேடில் (திரையில் தட்டும் கட்டம்) போட்டு, பேன் அமைப்பை (ஒலி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது) முழு இடதுக்குத் தள்ளுங்கள்.
2. மற்ற எல்லா பேடுகளையும் முழு வலதுக்குத் தள்ளுங்கள். ஒன்றைக்கூட நடுவில் விடக்கூடாது. விட்டால் அந்த ஒலியும் துடிப்பாகப் போய் வோல்காவைக் குழப்பும்.
3. வேகம் 120, ஸ்விங் (சில ஸ்டெப்புகளைச் சற்றுத் தாமதப்படுத்துவது) பூஜ்யம். 1, 3, 5, 7, 9, 11, 13, 15 ஆகிய ஸ்டெப்புகளில் துடிப்பை வையுங்கள். ஸ்விங் இருந்தால் துடிப்பும் தள்ளாடும், பேஸும் கூடவே நொண்டும்.
4. கேபிளைச் செருகி, போன் ஒலியை முழுசாக வைத்து, வோல்காவில் முதலில் பிளே அழுத்துங்கள். அது காத்திருக்கும். பிறகு போனில் பிளே.

நகரவே இல்லையா? ஒலி அளவைப் பாருங்கள். சில போன்கள் ஹெட்ஃபோன் செருகியதும் பாதுகாப்புக்காக அளவைத் தானே குறைத்துவிடும். அளவு சரி என்றால் ஆடாசிட்டியில் இன்வர்ட் செய்து துடிப்பைத் தலைகீழாக்கிப் பாருங்கள். சில போன்களின் வெளியீடு அலையைப் புரட்டிவிடும். பாதி வேகத்தில் ஓடினால், ஒரு பாருக்கு 8 துடிப்பும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஸ்பீக்கரில் டிக் டிக் என்று துடிப்பு கேட்டால் நீங்கள் வாங்கியது தப்பான கேபிள்: இரண்டு பேர் ஒரே போனில் பாட்டுக் கேட்பதற்கான ஸ்ப்ளிட்டர் இரண்டு முனையிலும் ஒரே ஒலியைத்தான் தரும், இடது வலதைப் பிரிக்காது.

ஹெட்ஃபோன் ஓட்டை இல்லாத போன் என்றால் டைப்-சி டாங்கிள் வேண்டும். விலை மிகக் குறைந்தவற்றில் சில வெறும் கம்பி மட்டும். எல்லா போனிலும் வேலை செய்யாது. உள்ளே டேக் சிப் (டிஜிட்டல் ஒலியை ஹெட்ஃபோனுக்கான மின் ஒலியாக மாற்றுவது) உள்ளதாகக் கேட்டு, கடையிலேயே உங்கள் போனில் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

இந்த அமைப்பில் மறக்கவே கூடாதது ஒன்று: துடிப்பு எல்லா சீக்வென்ஸிலும் (கோலாவில் நீங்கள் பதிந்து வைக்கும் தாள வரிசைகள்) இருக்க வேண்டும். இல்லாத சீக்வென்ஸுக்கு மாறிய கணமே வோல்கா நடுவழியில் நின்றுவிடும். அதனால் முதலில் துடிப்பும் கிக்கும் மட்டும் உள்ள ஒரு சீக்வென்ஸைச் செய்து, மற்றவற்றை அதிலிருந்து நகலெடுத்து வளர்த்தெடுங்கள். கோலாவின் பெர்ஃபார்ம் பக்கத்து எஃபெக்டுகளையும் இந்த அமைப்பில் தொடாதீர்கள். அவை துடிப்பையும் சேர்த்துக் குலைக்கும். எதிரொலி போட்ட கைதட்டல் வேண்டும் என்றால் வீட்டிலேயே எஃபெக்ட் போட்டு, ரீசாம்பிள் செய்து (அந்த ஒலியையே மறுபடி பதிவு செய்து), தனி பேடில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிகளும் பேஸும்

தாளத்துக்கு இணையத்தில் கிடைக்கும் அதே 808 தாள மெஷின் கிக் உங்களிடம் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் மற்றதை எல்லாம் போன் மைக்கில் நீங்களே பதிவு செய்யுங்கள்: டவரா டம்ளரில் நகத்தால் தட்டியது, இட்லிப் பானை மூடி, குழாயில் சொட்டும் தண்ணீர், பரோட்டாக் கடைக் கல்லில் கரண்டி கொத்தும் சத்தம். இவை உங்கள் செட்டுக்கு ஒரு முகம் தரும். சினிமாப் பாட்டின் துண்டைப் போட்டால் கைதட்டல் சுலபமாக வரும். ஆனால் பதிவை யூடியூபில் ஏற்றியதும் உரிமைக் கோரிக்கையும் வரும். பரோட்டாக் கரண்டிக்கு யாரும் உரிமை கோர மாட்டார்கள்.

பதிவு செய்த ஒவ்வொரு ஒலியின் முன்பக்க மௌனத்தையும் ஒட்ட வெட்டுங்கள். 30 மில்லி விநாடி மௌனம் மிஞ்சினாலே தாளம் சோம்பலாகத் தெரியும். 120 பிபிஎம்மில் ஒரு ஸ்டெப்பே 125 மில்லி விநாடிதான்.

பேஸுக்கு மோகனத்தை எடுத்துக்கொள்வோம். ச ரி க ப த, கீபோர்டில் சி டி ஈ ஜி ஏ. ஐந்து ஸ்வரம்தான் என்பதால் கை தவறி எதைத் தொட்டாலும் காதை உறுத்தாது, முதல் மேடைக்கு இது பெரிய நிம்மதி. இந்த வழி புதிதும் அல்ல. 1982-இலேயே மும்பையில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர், ரோலண்டின் டிஆர்-808 தாள மெஷினையும் டிபி-303 பேஸ் மெஷினையும் வைத்து ராகங்களைப் பதிவு செய்தார். அவற்றில் பூபாலியும் உண்டு, நம் மோகனம்தான் அது. 303-இன் 16 ஸ்டெப்பும், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் ஸ்லைடும் வோல்கா பாஸிலும் இருக்கின்றன.

கிக் 1, 5, 9, 13-இல் விழட்டும். பேஸ் அந்த நான்கு ஸ்டெப்பையும் விட்டுவிட வேண்டும். கிக்கும் பேஸும் ஒரே தாழ்ந்த அதிர்வெண்ணில் மோதினால் சின்ன ஸ்பீக்கரில் இரண்டும் குழம்பிச் சேறாகும். 3-இலும் 4-இலும் ச, 7-இல் ப, 8-இல் த, 11-இல் மேல் ச, 12-இல் ரி, 15-இல் க, 16-இல் ப. 15-க்கு மட்டும் ஸ்லைடு போடுங்கள். க-விலிருந்து ப-வுக்கு ஏறும் அந்த வழுக்கல்தான் இந்த வரியின் உயிர். இதை முதல் பேட்டர்னாகச் சேமியுங்கள். இரண்டாவதில் 4, 8, 12, 16-ஐ எடுத்துவிடுங்கள். வெறும் நான்கு ஸ்வரம், நிறைய மூச்சு. எட்டு பேட்டர்ன் சேமிக்க இடமிருந்தாலும் 20 நிமிடத்துக்கு மூன்று போதும்.

மூன்றாவது பேட்டர்னை ஆக்டிவ் ஸ்டெப் வசதியால் வாசிக்கும்போதே செய்யலாம். 13 முதல் 16 வரை உள்ள ஸ்டெப்புகளை அணைத்தால் பேஸ் 12 ஸ்டெப்பில் சுழலும், கிக் 16-இலேயே நிற்கும். இரண்டும் விலகி விலகி 48 ஸ்டெப்பில், அதாவது சரியாக 3 பாரில், மறுபடி சமத்தில் வந்து விழும். கேட்பவர்களுக்குப் பேஸ் தாளத்தை விட்டு மிதப்பது போலவும் பிறகு பிடித்துக்கொள்வது போலவும் இருக்கும். மிருதங்கத்தின் கோர்வை கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே புரியும். அணைத்தவற்றை மறுபடி போடுவது 3, 6, 9, 12 என்று மூன்றின் மடங்கில் ஒரு பார் முடியும் இடத்தில்தான் இருக்க வேண்டும். வேறு இடத்தில் போட்டால் பேஸ் நிரந்தரமாக இடம் மாறி உட்கார்ந்துவிடும். அப்படி ஆனால் பதறாமல் வோல்காவை நிறுத்தி, அடுத்த பாரின் தொடக்கத்தில் பிளே அழுத்துங்கள்.

வோல்கா பாஸில் கட்-ஆஃப் (ஒலியின் கூர்மையைத் திறந்து மூடுவது) போன்ற குமிழ்களின் நிலை பேட்டர்னோடு சேமிக்கப்படாது. பேட்டர்ன் மாறினாலும் ஒலி, குமிழ் இருக்கும் இடத்தில்தான் இருக்கும். ஆகவே தொடக்க நிலையைச் சின்ன வெள்ளை ஸ்டிக்கரால் குறித்து வையுங்கள். மூன்று பிட்ச் குமிழ்கள் மேலும் டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டில் கை பட்டால் ராகமே கலைந்துவிடும்.

600 பார்

120 பிபிஎம்மில் ஒரு பார் 2 விநாடி. 20 நிமிடம் என்றால் 600 பார். 16 பார் என்பது 32 விநாடி. அதற்குள் எதுவும் மாறாவிட்டால் கேட்பவர் போனை எடுத்துவிடுவார். அதற்காக 8 பாருக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் காதில் தங்காது. 16 பாருக்கு ஒரு சின்ன மாற்றம், 64 பாருக்கு ஒரு பெரிய மாற்றம் என்று தொடங்கிப் பாருங்கள். சின்ன மாற்றம் என்றால் கைதட்டல் உள்ளே வருவது, ஹைஹாட் (தாளத்தட்டின் ஒலி) வெளியே போவது. பெரிய மாற்றம் என்றால் பேஸ் பேட்டர்ன் மாறுவது, அல்லது எப்போதாவது கிக் முழுசாக நின்று கட்-ஆஃப் மூடிய பேஸும் தண்ணீர்ச் சொட்டும் மட்டும் ஓடுவது.

உங்கள் கையிலிருக்கும் மிக வலிமையான ஆயுதம் கிக்கை நிறுத்துவது. 20 நிமிடத்தில் மூன்று முறைக்கு மேல் அதைச் செய்யாதீர்கள், ஒவ்வொரு முறையும் 16 பாருக்குக் குறையாமல் நிறுத்தி வையுங்கள். அந்த நேரத்தில் கட்-ஆஃபை மெல்ல மெல்லத் திறங்கள். 32 விநாடி முழுக்க ஒரே குமிழை அவ்வளவு நிதானமாகத் திருப்புவது சொல்வது போல் சுலபமில்லை, கை அவசரப்படும். வீட்டில் கடிகாரத்தை வைத்துப் பழகுங்கள்.

சீக்வென்ஸ் மாற்றங்களை வரிசையாக ஒரு தாளில், மேடை இருட்டிலும் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதுங்கள். போனில் எழுதி வைக்காதீர்கள், போன் வாசித்துக்கொண்டிருக்கும்.

மைக் செட்காரரோடு பேசுவது

மேடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். "அண்ணே, இது மைக் இல்ல, லைன். ஒரே ஒரு அவுட், மோனோ. எக்கோவ ஆஃப் பண்ணிடுங்க." பேச்சாளர்களுக்காக எக்கோ எப்போதும் போட்டே இருக்கும், அதில் கிக் போனால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும். மைக் உள்ளீட்டில் லைன் ஒலி (கருவியிலிருந்து வரும், மைக்கைவிட வலுவான ஒலி) போனால் கரகரவென்று உடையும், கெய்னை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) இறக்கினாலும் சில ஆம்ப்ளிஃபயர்களில் சரியாகாது. ஆக்ஸ் என்று ஒரு உள்ளீடு இருக்கும், அதைக் கேளுங்கள். அது பெரும்பாலும் ஆர்.சி.ஏ. ஓட்டை. ஆகவே பி-38-இலிருந்து ஆர்.சி.ஏ. மாற்றும் பின் ஒன்று பையில் இருக்க வேண்டும்.

அவருடைய மிக்சர் தூரத்தில் இருந்தால் டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை நீண்ட கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) கேளுங்கள். உங்கள் பி-38 அதில் போகும், அங்கிருந்து கேனன் கேபிளில் 20, 30 மீட்டர் இரைச்சல் இல்லாமல் ஓடும். 50 ஹெர்ட்ஸ் ஊளை கேட்டால் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். அதற்கும் முன்னால், போன் சார்ஜரில் இருந்தால் பிடுங்குங்கள். ஊளைக்குப் பாதி நேரம் அதுதான் காரணம். சார்ஜ் தேவை என்றால் பவர் பேங்க் போடலாம், அது எர்த்தோடு சேராது.

கெய்ன் வைக்கும் முறை: உங்கள் மிக்சரில் கெய்ன் பூஜ்யம், மெயின் பாதி. செட்டின் மிகச் சத்தமான இடத்தை ஓட விட்டு, பீக் விளக்கு எப்போதாவது மின்னும்வரை கெய்னை ஏற்றி, பிறகு கொஞ்சம் இறக்குங்கள். மைக் செட்காரருக்கும் அந்தச் சத்தமான இடத்தையே போட்டுக் காட்டுங்கள். மெதுவான இடத்தைக் காட்டி அளவு வைத்தால் நிகழ்ச்சியில் அவர் பயந்து மொத்தத்தையும் இறக்கிவிடுவார்.

ஒலிபெருக்கி என்னவென்று பாருங்கள். பெரிய பாக்ஸ் என்றால் கவலையில்லை. குழாய் ஸ்பீக்கர் மட்டும்தான் என்றால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் வராது. உங்கள் பேஸின் அடி ஸ்வரம் 65 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அளவை ஏற்றுவதால் பயனில்லை, ஸ்பீக்கர்தான் கிழியும். பேஸை ஒரு ஆக்டேவ் உயர்த்தி, கட்-ஆஃபை வழக்கத்தைவிடத் திறந்து வையுங்கள். அப்போது மேல் ஹார்மோனிக்குகள் வெளியே வரும். அவற்றைக் கேட்டே காது கீழ் ஸ்வரத்தை ஊகித்துக்கொள்ளும். கிக்குக்கும் முனையில் ஒரு டக் சத்தம் உள்ள மாற்று ஒலியைத் தனி பேடில் தயாராக வைத்திருங்கள்.

மொட்டைமாடியிலோ தெருவிலோ வாசிப்பதானால் ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ளது. 9.30-க்கு முடியும்படி திட்டமிடுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

ஏற்கெனவே லேப்டாப் இருந்தால் வோல்கா வாங்கும் காசில் ஒரு சின்ன மிடி கன்ட்ரோலரும் (லேப்டாப் இசையை இயக்கும் விசைப்பலகை) ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் (லேப்டாப்பின் ஒலியை மிக்சருக்கு அனுப்பும் பெட்டி) வாங்கலாம். பல கன்ட்ரோலர்களோடு ஏபிள்டன் லைவ் லைட் என்ற இசை மென்பொருள் இலவசமாகவே வரும். அதன் செஷன் வியூ மேடைக்கென்றே செய்தது. பஃபர் அளவை (ஒலியை அனுப்புமுன் லேப்டாப் சேர்த்து வைக்கும் அளவு) 256-இல் வையுங்கள்: 44,100 ஹெர்ட்ஸில் அது சுமார் 6 மில்லி விநாடித் தாமதம், விரலுக்குத் தெரியாது. 1024 என்றால் 23 மில்லி விநாடி, தெரியும். ஒலி வெடித்தால் பஃபரை ஏற்றுவதற்கு முன் சிந்த் ட்ராக்குகளை ஆடியோவாக மாற்றிவிடுங்கள். வைஃபை, அப்டேட், ஸ்கிரீன் தூங்குவது எல்லாம் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். புளூடூத் ஸ்பீக்கரில் மட்டும் ஒத்திகை பார்க்காதீர்கள். தாமதம் 100 மில்லி விநாடியைத் தாண்டும், கை தப்பான நேரத்துக்குப் பழகிவிடும்.

ஒத்திகையும் அன்றைய தினமும்

நின்றுகொண்டே பழகுங்கள், மேடையில் மேசை எந்த உயரத்தில் இருக்கும் என்று தெரியாது. 20 நிமிடத்தையும் நிறுத்தாமல், தப்பு வந்தாலும் திரும்பத் தொடங்காமல், குறைந்தது பத்து முறை வாசியுங்கள். ஒவ்வொன்றையும் வேறொரு போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். உங்களுக்கே சலிப்புத் தட்டும் பாரின் எண்ணைத் தாளில் குறித்து, அங்கே எதையாவது வெட்டுங்கள்.

விபத்துகளையும் ஒத்திகை பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சிங்க் கேபிளை யாரையாவது பிடுங்கச் சொல்லுங்கள். வோல்கா நின்றுவிடும், அல்லது தன் சொந்த வேகத்தில் விலகி ஓடும். ஓடினால் அதை நிறுத்திவிட்டு, தொடு விசைகளில் பேஸைக் கையாலேயே வாசியுங்கள். மோகனம் என்பதால் எப்படி வாசித்தாலும் பொருந்தும். போனே முடங்கினால்? இரண்டாவது போனில் ஒரு நிமிடம் ஓடும் ஒரு நீண்ட ச சுருதியைத் தயாராக வைத்து, மிக்சரின் இன்னொரு சானலில் முன்பே செருகி வையுங்கள். அது ஓடும் ஒரு நிமிடத்துக்குள் போனை மறுபடி எழுப்பிவிடலாம்.

மேடைக்கு ஏறுமுன் போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். தொடு ஒலி, திரை தானாகப் பூட்டிக்கொள்வது, பேட்டரி சேவர் மூன்றையும் அணையுங்கள். பேட்டரி சேவர் செயலியின் வேகத்தைக் குறைத்துத் தாளத்தைத் திக்கவைக்கும். ஒரு அழைப்பு வந்தால் கோலா நின்றுவிடும், கூடவே துடிப்பும், கூடவே பேஸும்.

வரிசையாகத் திறங்கள்: முதலில் போனும் வோல்காவும், பிறகு உங்கள் மிக்சர், கடைசியில் மைக் செட்காரர் சானலைத் திறக்கட்டும். நடுவில் கரண்ட் போனால் உங்கள் இரண்டு கருவியும் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். சத்தமில்லை என்பதற்காக அவற்றை நிறுத்தாதீர்கள். மிக்சரின் மெயினை மட்டும் இறக்கி வையுங்கள். கரண்ட் வந்ததும் ஒரு பாரின் தொடக்கத்தைப் பார்த்து மெல்ல ஏற்றினால் தாளம் விட்ட இடத்திலிருந்து இல்லாமல் ஓடிவந்த இடத்திலிருந்தே எழும்பும்.

முடித்ததும் மெயினைப் பூஜ்யத்துக்கு இறக்கி, மைக் செட்காரரைப் பார்த்துக் கை காட்டுங்கள். அவர் சானலை மூடிவிட்டேன் என்று தலையசைத்த பிறகுதான் முதல் பின்னை உருவ வேண்டும்.